பேரில்லாத மீன்களும் மச்சான் பாஸ்கரும்

முட்டியை மடக்க முடியாமலே ஆழ்கடலைச் சுற்றி வந்த என் வேதாக்காவுக்கு,

அக்கா, தமிழ் வந்துவிட்டது!

நம்முடைய விளையாட்டில்தான். திறந்ததும் எந்த மொழி வேண்டும் என்று கேட்குமே, அந்தப் பட்டியலில் கீழேயிருந்து மூன்றாவதாக, நம் எழுத்திலேயே 'தமிழ்' என்று நிற்கிறது. அதை என் கம்ப்யூட்டரில் முதல் முறை பார்த்த அன்று கே.கே. நகர் வீட்டில் நான் போட்ட கூச்சலுக்கு மல்லிகா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "இன்னாங்க, நெஞ்சு வலியா?"

"தமிழ் வந்துடுச்சு மல்லிகா!"

"அய்ய, அம்பத்தி நாலு வயசுலயா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். என் மனைவி உன்னைவிட மோசமாகப் பேசுவாள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நம்பினாயா?

ஆனால் வந்த தமிழ் தங்குமா என்பதில்தான் சிக்கல் வந்தது. மூன்று வாரத்துக்குள் திருத்திக் கொடுக்காவிட்டால் மொத்தத்தையும் எடுத்துவிடுவோம் என்று விளையாட்டைச் செய்த அந்தக் குளிர்தேசத்துக்காரர்கள் கடிதம் போட்டுவிட்டார்கள். காரணம் யார் என்று நீ கேட்கவே வேண்டாம். முப்பது வருஷமாக எது கெட்டாலும் நீ முதலில் என் மேஜையைத்தானே பார்ப்பாய்? சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறாய்.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. தோளுக்குப் பின்னால் நாலு பேர் எட்டிப் பார்த்துப் படிக்கிறார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது, பாவம்.

ஐயா, அம்மா, இவர் வேதவல்லி. மயிலாப்பூர். நந்தனத்தில் எங்கள் ஆபீஸில் முப்பது வருஷம் எனக்கு இடது பக்க மேஜை. வெங்காயத்தையே சந்தேகத்தோடு பார்க்கிற சைவம். நானோ சிந்தாதிரிப்பேட்டைப் பிறவி. தண்ணீரில் அசைவதெல்லாம் எனக்குத் தொட்டுக்கொள்ளத்தான் அசைகிறது என்று நம்புகிறவன். வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள் இவர் என்னைத் தம்பியாகத் தத்தெடுத்தார். ஊரில் யாரையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

போதும், இனி நமக்குள் பேசுவோம்.

முட்டி ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் நடமாட்டம் கூடாது என்றார்கள். நீ நீந்தப் போய்விட்டாய். காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண், உன் முனகலைத் தாங்க முடியாமல், தான் விளையாடுகிற ஒரு விளையாட்டை உன் லேப்டாப்பில் ஏற்றி, டிவியோடு இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஜெயிப்பது கிடையாது, தோற்பது கிடையாது. எதிரி இல்லை, துப்பாக்கி இல்லை. முதுகில் கட்டிய காற்று தீரவே தீராது. நீலத்துக்குள் இறங்க வேண்டியது, பவளப்பாறைகளுக்கு நடுவே மெதுவாகப் போக வேண்டியது, எதிரே வருகிற ஜீவனைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டியது. அதன் பேரும் நாலு வரிக் குறிப்பும் வரும். அவ்வளவுதான் விளையாட்டு.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு அலை கணுக்காலைத் தாண்டினால் "புடவை, புடவை" என்று கரைக்கு ஓடுகிறவள் நீ. அதே நீ சோபாவில் காலை நீட்டியபடி திமிங்கலத்தின் வயிற்றுக்கடியில் புகுந்து மறுபக்கம் வந்தாய். நான் பார்க்க வந்த அன்று என் கையிலும் அந்தப் பொத்தான் கருவியைக் கொடுத்தாய். நான் ஒரு குகைக்குள் தலைகீழாக மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் ஒரே நண்டை முறைத்துக்கொண்டிருந்தேன். மனசை லேசாக்கும் விளையாட்டாம். எனக்கு வேர்த்துவிட்டது.

"டேய் தணிகா, கடல்ல இறங்கச் சொன்னா கெணத்துல விழுந்தவன் மாதிரி கத்தறயே! அது உன்னை ஒண்ணும் பண்ணாதுடா, நீ அதை ஒண்ணும் பண்ணாம இருந்தா போறும்" என்றாய்.

மேற்படி விளையாட்டில் இருபத்தாறு மொழி இருந்தது, தமிழ் இல்லை. உனக்கு வந்ததே கோபம். உடனே எழுதிக் கேட்டாய். அவர்கள் மொத்தமே நாலு பேர், நல்ல மனுஷர்கள். "தாராளமாகச் செய்து கொடுங்கள், ஒரு படிவம் அனுப்புகிறோம், ஆனால் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது, இருந்தால் எங்கள் இயந்திரம் வாங்கிக்கொள்ளாது" என்று பதில் போட்டார்கள். குறிப்புகளை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மாதத்தில் எழுதித் தள்ளினோம். பேர்களில்தான் நீ வண்டியை நிறுத்தினாய்.

"அகராதியப் பாத்து எழுதற பேரெல்லாம் வேண்டாம். அந்த மீனைக் கையால தொட்டவா வாயிலேர்ந்து வரணும்." இது உன் சட்டம். போட்டவள் மீனைத் தொடாதவள், அமல்படுத்துகிறவன் நான்.

அதற்காகத்தான் சனிக்கிழமை சனிக்கிழமை சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட். கலரில் அச்செடுத்த படங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, நீலகிரித் தைலம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, பட்டுப்போல மடிப்புக் கலையாத காட்டன் புடவையில் நீ நடந்து வர, முன்னால் நான் "வழி விடு, வழி விடு" என்று போவேன். யாரோ அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று முதல் வாரம் ரெண்டு கடைக்காரர்கள் தராசை ஒளித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா?

கன்னியம்மா மட்டும் ஒளிக்கவில்லை. பட்டினப்பாக்கத்து மீனவ வீட்டுப் பெண். நாற்பது வருஷமாக அதே பலகை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு உன்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா மாமி, வாங்க வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?"

"பேர் கேக்க வந்தேம்மா. இது என்ன மீன்?"

"அய்ய, போட்டோ எட்த்துக்கினு வந்துகீது பாரு. வாயி கிளி மூக்காட்டம் கீதா? கிளிமீனு."

"இது?"

"பேத்த. தொட்டா ஊதிக்கும். துன்னா பூடுவ."

"நான் எதையுமே தின்ன மாட்டேம்மா."

"அப்ப நீ நூறு வருசம் இருப்ப மாமி!"

மீன் விஷயத்தில் கன்னியம்மா பொய்யே சொன்னதில்லை. மற்ற விஷயங்களில் அப்படி இல்லை போலிருக்கிறது.

எத்தனை பேர் கொடுத்தாள் அக்கா! திருக்கை, அஞ்சாலை, கிளாத்தி, பேய்க்கணவாய். பங்குனியில் முட்டையிட வருகிற ஆமைக்குப் பங்குனி ஆமை. நாலு ஆட்டோவை வரிசையாக நிறுத்தியது போல் நீளும் புள்ளிச் சுறாவுக்கு அம்மணி உளுவை என்று அவள் அப்பா சொல்வாராம். அன்று ஆட்டோவில் திரும்பும்போது மயிலாப்பூர் குளம் வரும்வரை நீ "அம்மணி, அம்மணி" என்று சிரித்துக்கொண்டே வந்தாய். ஆட்டோக்காரர் உன்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பிறகு நம் பேர் வண்டி மறுபடி நின்றது. முப்பத்தோரு படங்களுக்குக் கன்னியம்மா உதட்டைப் பிதுக்கினாள். "இத்தெல்லாம் யாரும் துன்ன மாட்டாங்க மாமி. வலைல வந்தாலும் தூக்கிக் கடாசிடுவாங்க. துன்னாததுக்கு இன்னாத்துக்குப் பேரு?"

படங்களை உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாய். ஆட்டோவில் ஏறியதும் என்னைப் பிடித்துக்கொண்டாய், ஏதோ நான்தான் கடலுக்குச் சொந்தக்காரன் மாதிரி. "பாத்தியாடா? நீங்கள்ளாம் சாப்பிட்டாத்தான் அதுக்குப் பேரே கிடைக்கறது! சாப்பிடாத ஜன்மத்துக்கு இந்த ஊர்ல ஒரு பேர் கிடையாதா? எல்லாத்துக்கும் வாங்காம விட மாட்டேன்." உலகத்திலேயே தின்னப்படாத மீன்களுக்காகச் சண்டை போட்ட ஒரே கட்சி நீதான். தொண்டன் நான். அன்று மத்தியானம் வீட்டில் வஞ்சிரம் வறுவல்; சங்கடத்தோடுதான் சாப்பிட்டேன், ஆனால் சாப்பிட்டேன்.

அந்த முப்பத்தொன்றும் அப்படியே கிடக்க, மார்கழியில் ஒரு காலை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாய், உட்கார்ந்தாய், போய்விட்டாய். அதைப்பற்றி இந்தக் கடிதத்தில் இதற்குமேல் எழுத மாட்டேன். எழுதினால் கடிதம் வேறு பக்கம் போய்விடும். உனக்கும் பிடிக்காது.

மாசிக் கடைசிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். முடித்துக் கொடுக்கிறேன் என்று உன் படத்துக்கு முன்னால் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லித் தொலைத்திருந்தேன். சொன்னால் மட்டும் பேர் வருமா? காலிக் கட்டம் காலியாகவே இருந்தது. அப்போதுதான் என் கை நம் ஆபீஸ் வழக்கத்துக்குப் போயிற்று.

புதுப் படிவம் எது வந்தாலும் மாதிரிக்கு நான்தானே நிரப்புவேன்? காலிக் கட்டம் கண்ணை உறுத்தக் கூடாது என்று மேனேஜரின் பேர், கேன்டீன்காரர் பேர், யாரிடமாவது கோபம் இருந்தால் அவர் பேர் எல்லாம் போட்டு உன் மேஜைக்குத் தள்ளுவேன். நீ சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துவிட்டுச் சரியானதை எழுதி, "கடங்காரா, இது மேலிடத்துக்குப் போயிருந்தா?" என்று தலையில் தட்டி அனுப்புவாய். முப்பது வருஷம். ஒன்றுகூட உன்னைத் தாண்டிப் போனதில்லை.

அதே மாதிரி அந்த முப்பத்தோரு கட்டங்களையும் நிரப்பினேன். மணலுக்குள்ளிருந்து கூட்டமாகத் தலையை நீட்டி வேடிக்கை பார்த்துவிட்டு, யாராவது வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் விலாங்குகளுக்கு, எங்கள் மூன்றாம் மாடி ஜன்னல்கார அம்மாளின் பேர். ஆழத்தில் உப்பி, உதடு தொங்கி, உலகத்தையே வெறுத்துக் கிடக்குமே ஒரு ஜீவன், அதற்கு என் பேர், நியாயம் வேண்டுமல்லவா? கடல் அட்டையின் பின்வாசல் வழியாக நுழைந்து அதன் உடம்புக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் மெலிந்த மீனுக்கு, பத்து நாள் தங்க வந்து ஆறு வருஷமாக எங்கள் மாடி அறையில் இருக்கிற மல்லிகாவின் தம்பி 'மச்சான் பாஸ்கர்'. வாய் நிறைய முட்டைகளை வைத்துக்கொண்டு, குஞ்சு பொரிக்கிறவரை சாப்பிடாமலும் வாயைத் திறக்காமலும் வளைக்குள் நிற்கும் ஒரு ஆண் மீனுக்கு உன் வீட்டுக்காரர் பேர். 'ஸ்ரீதர் அத்திம்பேர்.'

இதெல்லாம் தற்காலிகம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. கடைசி நாள் அனுப்புகிற பொத்தானை அழுத்தியபோதும், இது இன்னும் ஒரு மேஜையைத் தாண்டித்தான் போகும், அங்கே யாரோ அடித்துத் திருத்துவார்கள் என்றுதான் கை நினைத்திருக்கிறது. எனக்கு நீ இல்லை என்று தெரியும் அக்கா. கைக்கு யாரும் சொல்லவில்லை.

வைகாசியில் தமிழ் வந்தது. நான் போட்ட கூச்சலை மேலே எழுதினேன். சந்தோஷத்தில் நாலு நாள் கிளிமீனையும் அம்மணி உளுவையையும் மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன். ஆழத்துக்குப் போகவே இல்லை. அங்கே போனால் எனக்குத் தலை சுற்றும். மற்றவர்கள் போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் விளையாட்டைச் செய்தவர்களுக்கு எழுதினாராம்: "எல்லாம் நல்ல வடிவாத்தான் இருக்கு. ஆனால் ஆர் இந்த மச்சான் பாஸ்கர்?" பினாங்கிலிருந்து ஒரு அம்மாள் தணிகாசலம் என்பது பழந்தமிழ்ச் சொல்லா என்று கேட்டிருக்கிறார். விளையாட்டுக்காரர்கள் விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு, உயிரோடிருக்கிற மனிதர்களின் பேர்கள் இருக்கக் கூடாது, மூன்று வாரம் தருகிறோம் என்று வருத்தத்தோடு எழுதினார்கள். கடிதம் போனது உன் மின்னஞ்சல் முகவரிக்கு. அந்த லேப்டாப் இருப்பது அத்திம்பேரிடம்.

நீ போனதிலிருந்து அத்திம்பேர் என்னிடம் பேசிய வார்த்தைகளைக் கைவிரலில் எண்ணலாம். "வா." "உக்காரு." "காபி?" அவர் முன்னேயும் அப்படித்தான், இருவருக்கும் சேர்த்து நீ பேசிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தார். "தணிகா, ஆத்துக்கு வா. என் பேர்ல ஒரு மீன் இருக்காம்."

மாட வீதியைத் தாண்டி உங்கள் வீட்டுப் படியேறும்போது மன்னிப்பை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கதவைத் திறந்தார். டிவியில் அந்த மீன், வளை வாசலில், கன்னம் புடைக்க, கண்ணை உருட்டியபடி. தலைக்கு மேல் அவர் பேர். தேடிப் பிடித்திருக்கிறார், தன்னந்தனியாக.

"இது என்ன பண்றது?" என்றார்.

"வாய்க்குள்ள முட்டைங்க இருக்கு அத்திம்பேர். குஞ்சு வர்ற வரைக்கும் அப்படியே வச்சிருக்கும். எதுவும் சாப்பிடாது, வாயத் தொறக்காது."

டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "எழுதினது நீயா, அவளா?"

"நான்தான். தப்புதான் அத்திம்பேர். மன்னிச்சுடுங்க."

"தப்பில்லை, சரியாத்தான் எழுதியிருக்கே" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "ஆனா அவ ரூல் என்ன?"

"மீனைத் தொட்டவங்க வாயிலேர்ந்து வரணும்."

"அப்போ தொட்டவாளை அழைச்சிண்டு வா."

"இங்கயா? கன்னியம்மாவையா?"

"வேற எங்க? டிவி இங்கதானே இருக்கு."

நம்புகிறாயா? உன் ஹாலில், உன் சோபாவில், சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் கன்னியம்மா! வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன் வியாபாரம் மந்தம் என்று அன்று வந்தாள். நான் அரை நாள் லீவு போட்டு ஆட்டோவில் கூட்டிவந்தேன். தலைக்குக் குளித்து, மல்லிகையும் கனகாம்பரமும் சேர்த்து வைத்து, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சாமி, மீன் வாசன வரும். பரவால்லியா?"

அத்திம்பேர் யோசித்துப் பொய் சொல்லத் தெரியாதவர். "வரத்தான் வர்றது. உள்ள வாங்கோ. டிவிலயும் மீன்தானே" என்றார். எதிர் வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்து மூடியது. மணல் விலாங்கு எல்லா ஊரிலும் உண்டு அக்கா.

உன் படத்தைப் பார்த்துக் கன்னியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாமி பூடுச்சா? எனுக்கு யாருமே சொல்லலியே சார்" என்று என்னை ஒரு முறை முறைத்தாள். நான் சொல்லவில்லை, கூப்பிடப் போன அன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். ஏன் என்று உனக்கு விளங்கும்.

பிறகு கையில் அந்தக் கருவியைக் கொடுத்து, எதை அழுத்தினால் எது என்று காட்டினேன். கடலுக்குள் இறங்கினாள்.

"ஐயோ சுறா! சுறா வருது சார்!"

"கடிக்காது, கன்னியம்மா."

"கடிக்காத சுறா இன்னாத்துக்கு? சரி, வலைய எங்க போட்றது?"

"வலையெல்லாம் கிடையாது. பாக்கறது மட்டுந்தான்."

"பாக்கறதுக்கா கரண்ட்ட செலவு பண்ணிக்கினு கீறீங்க!" என்றாள். அடுத்த நிமிஷம் ஒரு கிளிமீன் கூட்டம் பச்சையும் நீலமுமாக அவள் முகத்துக்கு நேரே திரும்பியது. கன்னியம்மா கருவியை மடியில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்தாள்.

"உசுரோட கீறப்ப இந்தக் கலரா?" என்றாள். "எங்கூட்ல ஆம்பளைங்கதான் கடலுக்குப் போவாங்க. நான் நாப்பது வருசமா செத்த மீனத்தான் பாத்துக்கினு கீறேன் சார். நீஞ்சறத இன்னிக்கித்தான் பாக்கறேன்."

அத்திம்பேர் உள்ளே போய்விட்டார். காபி போடத்தான் போனார் என்று காபி வந்த பிறகு தெரிந்தது. வர ரொம்ப நேரமாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன்! இரண்டு வெள்ளிக்கிழமை, முப்பத்தோரு மீன். துன்னாததுக்கு இன்னாத்துக்குப் பேரு என்று கேட்டவள், ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, பக்கவாட்டில் பார்த்து, பின்னால் போய்ப் பார்த்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி யோசித்துப் பேர் வைத்தாள். மணலில் தலை நீட்டும் விலாங்குக்கு 'எட்டிப்பாத்தான்'. முகத்துக்கு முன்னால் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு இருட்டில் திரிவதற்கு 'அரிக்கேன் மீன்'. பெரிய மீன்களின் வாய்க்குள் புகுந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதற்கு 'பல்குச்சி'. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருப்பதற்கு, தலைப்பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, 'கனகாம்பரம்'.

உப்பிப்போன அந்த ஆழ்கடல் ஜீவன் வந்ததும் கன்னியம்மா என்னைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "சார், இது இன்னா உன்னாட்டமே கீது?"

அத்திம்பேர் சிரித்தார் அக்கா! சத்தம் வந்தது! எனக்கு அவமானமாகக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். அதற்கு 'சொங்கி' என்று பேர் வைத்தாள். எழுதிக்கொண்டேன். பாஸ்கர் மீனுக்குக் 'குடித்தனக்காரன்'. அதில் பாஸ்கருக்குத்தான் மனவருத்தம். உலகம் பூராவும் தன் பேர் போய்ச் சேர்ந்ததென்று போனில் எல்லோருக்கும் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். மல்லிகா அந்த நாலு வரிக் குறிப்பைப் படித்துக் காட்டிய பிறகுதான் நிறுத்தினான். ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில்தான்.

நீலமும் பச்சையும் பொன்னிறமுமாகச் சுழி சுழியாக ஒரு சின்ன மீன் இருக்கிறதே, நீ அரை மணி நேரம் பின்னாலேயே போவாயே, அதன் முன்னால் கன்னியம்மா நின்றாள். "இதுக்கு மாமி பேர வெச்சிரு சார். பட்டுப் பொடவ கட்டிக்கினு வந்தாப்ல கீது."

சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அத்திம்பேர் தலையாட்டினார். "வேண்டாம். அவ ரூல் அவளுக்கும்தான். பார்த்தா என்ன தோணறதோ அதைச் சொல்லுங்கோ."

கன்னியம்மா கொஞ்சம் முறைத்துவிட்டு, "அப்ப பட்டுக்கரைன்னு எய்திக்க" என்றாள். எழுதினேன். அவர் செய்தது சரியா அக்கா? எனக்கு இன்னும் தெரியவில்லை. உனக்கு எது பிடித்திருக்கும்?

கடைசியாக வாயை மூடிய அந்த மீன். அதன் கதையை இந்தத் தடவை நான் சொல்லவில்லை, அத்திம்பேரே சொன்னார். முட்டை, வாய், பட்டினி, எல்லாம். நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பிவிட்ட பையன் மாதிரி. கன்னியம்மா மோவாயில் கை வைத்துக் கேட்டாள்.

"ஆம்பள மீனா? வாயில தொட்டில் கட்டி வெச்சிக்கினு கீதுன்னு சொல்லு. தொட்டில்வாயன்."

"தொட்டில்வாயன்" என்று அத்திம்பேர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறையும். பிறகு என்னிடம், "என் பேரை எடுத்தாச்சா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்று அடித்துச் சொல்வேன்.

கெடு முடிய இரண்டு நாள். நான் அனுப்புகிற பொத்தான் மேல் விரலை வைத்தபோது அத்திம்பேர் கையைப் பிடித்துக்கொண்டார். மொத்தத்தையும் அச்செடுக்கச் சொன்னார். உன் மேஜை டிராயரிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துவந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மூன்று மணி நேரம். ஒற்றுப் பிழை பதினேழு. நீ தப்ப விட்டதும் அதில் இரண்டு இருந்தது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நாற்பத்து நான்காம் பக்கத்தில் ஒரு நத்தையின் குறிப்புக்குள் எங்கள் பால்காரர் பேர் இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். அத்திம்பேர் தலையில் தட்டவில்லை. "கடங்காரா" என்று மட்டும் சொன்னார், மெதுவாக, கையெழுத்துப் பழகுகிறவர் மாதிரி.

இன்று காலை பதில் வந்தது. தமிழ் இருக்கிறது அக்கா! போகவில்லை! இருக்கிறது! நாலு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறார்கள். தங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் தமிழில் வைத்துத்தான் விளையாடிப் பார்த்தார்களாம். எழுத்தெல்லாம் உருண்டை உருண்டையாக, நீருக்குள்ளிருந்து குமிழி எழும்புகிற மாதிரியே இருக்கிறதாம். அடுத்து இன்னும் ஆழமாக ஒரு பள்ளம் திறக்கப் போகிறார்கள், நாற்பது புது ஜீவன்கள், படிவம் வந்துகொண்டே இருக்கிறது. கன்னியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "வெள்ளிக்கெயம வரேன், காபி ஸ்ட்ராங்கா போடச் சொல்லு சாமிய" என்றாள்.

இந்தக் கடிதத்தை உன் ஹாலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மத்தியானம் நாலு மணி. அத்திம்பேர் கடலில் இருக்கிறார். தினமும் இந்த நேரத்துக்கு இறங்குகிறாராம். ஒவ்வொரு மீனாகப் பார்த்து, பொத்தானை அழுத்தி, வருகிற பேரை உரக்கப் படிக்கிறார். "எட்டிப்பாத்தான். பல்குச்சி. பட்டுக்கரை." நீ வழக்கமாக நிற்கும் சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பித்தான் படிக்கிறார்.

வேடிக்கைப் பேர் வைக்காமல் என்னால் இருக்க முடியாது அக்கா, அந்த வாக்கை நீ என்னிடம் வாங்காதே. ஆனால் அத்திம்பேரின் பேனாவைத் தாண்டாமல் ஒரு எழுத்தும் வெளியே போகாது. அந்தப் பள்ளத்திலிருந்து எது வந்தாலும், யார் தட்டிலும் விழாததாக இருந்தாலும், அதைப் பார்க்க ஆள் இருக்கும், கூப்பிடப் பேர் இருக்கும். இது நான் உனக்குச் செய்கிற சத்தியம். சாட்சிக்கு ஒரு மீன்காரி இருக்கிறாள்.

நீ கேட்காமல் தத்தெடுத்த,
இன்னும் திருத்தி முடியாத உன் தம்பி,
தணிகாசலம்